வாரம் ஒருமுறை போடும் மாத்திரை, அடிக்கடி தொலையும் நேரம்: மூட்டு டாக்டரிடம் மனநோயைச் சொல்லலாமா?

கரிசல்மண்:

வணக்கம். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 33. சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். இப்போது கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன், ஒற்றை அறை வீடு எடுத்துத் தனியாக இருக்கிறேன். 24 வயதில் முடக்குவாதம் என்றார்கள். ருமட்டாய்டு. எங்கள் பாட்டி சரவாங்கி என்பாள். காலையில் எழுந்தால் விரல் மடங்குவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத்தான் பிரிக்கிறேன், வலது மணிக்கட்டு அசைவதை நிறுத்திவிட்டது, வலது முழங்கால் முழுசாக நீட்ட வராது. மூன்று வருடமாகக் கைத்தடி.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் டிஸ்ஸோஸியேஷன். தமிழில் என்ன பெயர் வைத்தாலும் எனக்கு ஒட்டவில்லை, அதனால் நடப்பதைச் சொல்கிறேன். சில நேரம் என் கை என் கையாக இருக்காது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து யாரோ வவுச்சர் எழுதுகிற மாதிரி இருக்கும். அது பரவாயில்லை, வேலை நடந்துவிடும். ஆனால் சில நேரம் நேரமே காணாமல் போய்விடும். போன ஆவணியில் ஒரு மதியம் ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன், கையில் டிக்கெட், மணி ஐந்தரை, கைத்தடியைக் காணோம். தடி இல்லாமல் உக்கடம் வரை எப்படிப் போனேன், யார் என்னைப் பஸ் ஏற்றினார்கள், இன்றுவரை தெரியாது.

சின்ன வயதில் நடந்த சில விஷயங்கள்தான் காரணம் என்று மனநல டாக்டர் சொல்கிறார், அதை இங்கே எழுத விருப்பமில்லை. உள்ளே என்னைத் தவிர இன்னும் இரண்டு பேர். ஒருத்தி சிறுமி, இன்னொருத்தி யாரிடமும் பேசாமல் வேலையை மட்டும் முடிப்பவள். ஃபைலில் டி.ஐ.டி. என்று எழுதியிருக்கிறது, ஒரே ஆளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளங்கள் இருப்பதற்கான பெயர். சினிமாவில் வருகிற மாதிரி யாரும் கத்தியைத் தூக்குவதில்லை. சிறுமிக்குக் கடலைமிட்டாய் வேண்டும், அவ்வளவுதான். 18 வயதில் முதலில் வந்தபோது ஊரில் சாமி என்றார்கள், வாக்கு எதுவும் சொல்லவில்லை என்றதும் பேய் என்று மாற்றிவிட்டார்கள். கோடாங்கி உடுக்கடித்த மூன்று இரவுகளும் எனக்கு நினைவில் இல்லை. அது ஒரு விதத்தில் நல்லதுதான்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். முடக்குவாதத்துக்கு நான் போடுவது மெத்தோட்ரெக்ஸேட் 15 மி.கி., வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு இரவு. இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிறு ஒழுங்காகப் போட்டேன். செவ்வாய் காலை அட்டையை எடுத்துப் பார்த்தால் இரண்டு குழி கூடுதலாகக் காலி. நான் போடவில்லை, ஆனால் வீட்டில் வேறு யாரும் இல்லை. நாலாம் நாள் வாய் முழுக்கப் புண், தண்ணீர் கூடக் குடிக்க முடியவில்லை. ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் இறங்கியிருந்தன. மூட்டு டாக்டர் "நாள் மாத்திப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் சார், மறதி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கொஞ்ச நாள் நிறுத்திவைத்து மறுபடியும் ஆரம்பித்திருக்கிறார்.

ஏன் சொல்லவில்லை என்றால், முன்பு வேறொரு மருத்துவமனையில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொன்ன நிமிடமே அந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கணுக்கால் பலூன் மாதிரி வீங்கியிருந்தது, தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, "டென்ஷனைக் குறைச்சுக்கோங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். அதே ஃபைலில் ஈ.எஸ்.ஆர்., உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 80-ஐத் தாண்டி எழுதியிருந்தது. வீக்கமுமா மனசு?

இப்போது பார்க்கும் டாக்டர் நல்லவர், இவரையும் இழந்துவிடுவேனோ என்று பயம். சொல்லலாமா? சொன்னால் எப்படிச் சொல்வது? சொல்லாமலே மாத்திரையைச் சமாளிக்க வழி உண்டா? அம்மாவைக் கூட்டி வந்து வைத்துக்கொள் என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள், அது முடியாது, காரணம் கேட்காதீர்கள்.

---

மெடிக்கல்_அண்ணாச்சி:

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை, 22 வருடமாக மருந்துக்கடை. மனநோய் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மாத்திரையைப் பற்றித் தெரியும், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் போடுவது சாதாரண மாத்திரை இல்லை. இதே மருந்தைப் பெரிய அளவில் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்கள். வளர்கிற செல்லைப் பிரியவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை, அதனால்தான் அளவு கூடினால் முதலில் வாயும் குடலும் எலும்பு மஜ்ஜையும் அடிவாங்குகின்றன. பாராசிட்டமால் ஒன்று கூடுதலாகப் போட்ட கணக்கில் இதைச் சேர்க்காதீர்கள். தினமும் போடுகிற மாத்திரை என்று நினைத்து இதைத் தொடர்ந்து போட்டு உயிர்போனவர்கள் உண்டு. எங்கள் கடைக்கு வருகிற ஒரு பெரியவர் பிரஷர் மாத்திரையோடு சேர்த்து ஆறு நாள் போட்டுவிட்டார், மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். உங்களுக்கு வாய்ப்புண்ணோடு போனது உங்கள் நல்ல நேரம்.

அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது, அட்டையை வீட்டில் வைக்காதீர்கள். பக்கத்து மருந்துக்கடையில் சொல்லி அந்த வாரத்துக்கு உள்ளதை மட்டும் வெட்டி வாங்குங்கள், நாங்கள் நிறைய பேருக்கு அப்படித்தான் கொடுக்கிறோம், யாரும் ஏன் என்று கேட்பதில்லை, காசு இல்லை போல என்று நினைத்துக்கொள்வார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும். போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடாதீர்கள். ஒரு வாரம் விட்டுப்போனால் மூட்டுதான் கொஞ்சம் இறுகும், இரண்டு தடவை போட்டால் ரத்தம் இறங்கும். இதோடு கொடுக்கிற வைட்டமின், ஃபோலிக் ஆசிட், அதை வேறு கிழமையில்தானே போடுகிறீர்கள்? இரண்டும் மஞ்சளாக, சின்னதாக, ஒரே மாதிரி இருக்கும், ஒரே டப்பாவில் போட்டு வைத்துவிடாதீர்கள். நீர்க்கடுப்பு என்று போய் யாராவது செப்ட்ரான் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதிக் கொடுத்தால் மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறேன் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள், இரண்டும் சேரக்கூடாது.

மறுபடியும் குழி கூடுதலாகக் காலியாக இருந்தால் வாய்ப்புண் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், இதற்கு மாற்று மருந்து இருக்கிறது, ஃபோலினிக் ஆசிட், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

இன்னொன்று. இதே மருந்து ஊசியாகவும் வருகிறது, வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடுவது. தெருமுனை கிளினிக்கில் நர்ஸிடம் போட்டுக்கொண்டு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் வீட்டில் மருந்தே இருக்காது, தொலைக்க நேரம் இருந்தாலும் விழுங்க மாத்திரை இருக்காது. ஆனால் டாக்டர்தான் எழுத வேண்டும், ஏன் ஊசி என்று கேட்பார். ஆகவே சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது என் கட்சி.

---

காவிரிக்கரை_குடும்பஸ்தன்:

அண்ணாச்சி சொன்ன மருந்து விஷயம் எல்லாம் சரி. ஆனால் "சொல்லித்தான் ஆக வேண்டும்" என்று அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

என் மனைவிக்கு லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற நோய், ஒன்பது வருடம். நாலாம் வருடம் வலிப்பு வர ஆரம்பித்தது. லூபஸ் மூளையையும் தொடும் என்பதால் எல்லாரும் பயந்து ஸ்கேன், முதுகில் நீர் எடுப்பது, எல்லாம் பார்த்தார்கள், வலிப்பு மாத்திரை ஏற்றிக்கொண்டே போனார்கள், நிற்கவில்லை. கடைசியில் ஒரு நரம்பியல் டாக்டர் தலை முழுக்க ஒயரை ஒட்டி, கேமரா வைத்து இரண்டு நாள் படுக்க வைத்தார். வீடியோ இ.இ.ஜி. என்பார்கள். கேமரா ஓடும்போதே ஒன்று வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள், தலை இடமும் வலமும் ஆடியது, பத்து நிமிடத்துக்கு மேல். மூளை அலையில் வலிப்பு இல்லை. டிஸ்ஸோஸியேட்டிவ் என்றார். அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவர் காலில் விழுவேன்: "இது நடிப்பு இல்லம்மா, உங்க உடம்பு நிஜமாத்தான் ஆடுது, காரணம் மட்டும் வேற இடத்துல இருக்கு." வலிப்பு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார், மனசில் உள்ளதைப் பேசித் தீர்க்கிற சிகிச்சைக்கு அனுப்பினார், மாதத்துக்கு பத்து என்றிருந்தது ஒன்று இரண்டாகக் குறைந்தது.

இதுவரை நல்ல கதை. அடுத்த வருடம் மூச்சு இழுத்தால் நெஞ்சில் குத்துகிறது என்று இரவு இரண்டு மணிக்கு வேறொரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டியூட்டி டாக்டர் ஃபைலின் முதல் பக்கத்தைப் படித்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், தூக்க மாத்திரை ஒன்று கொடுத்து அனுப்பிவிட்டார். பதினோரு நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. லூபஸ்காரர்களுக்கு இது வருகிற விஷயம், பாடப் புத்தகத்திலேயே இருக்கும். அந்தப் பதினோரு நாளும் என் மனைவி என்னிடம் "ஒருவேளை நானே கற்பனை பண்றேனோ" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதை நான் யாருக்கும் மன்னிக்கவில்லை, நானும் பாதி நம்பினேன் என்பதால் என்னையும் சேர்த்து.

ஆகவே என் கருத்து, அந்தப் பெயர் முதல் பக்கத்தில் ஏறினால் இறங்காது. ஊசி வேண்டும் என்றால் "மாத்திரை குமட்டுகிறது" என்று சொல்லி வாங்குங்கள், நிறைய பேருக்குக் குமட்டத்தான் செய்யும், ஒரு கேள்வியும் வராது.

---

மூலிகைநேசன்:

இங்கிலீஷ் மருந்து எல்லாம் விஷம் சகோதரி. முடக்கத்தான் கீரை தோசை 48 நாள், மனசுக்கு தினமும் கண் மூடித் தியானம். இரண்டும் ஓடிவிடும்.

---

கரிசல்மண்:

@மூலிகைநேசன் முடக்கத்தான் தோசை ஒன்பது வருடமாகச் சாப்பிடுகிறேன். நன்றாக இருக்கிறது, தோசையாக. மருந்தை ஒரு முறை ஐந்து மாதம் விட்டும் பார்த்தேன், மணிக்கட்டு போனது அந்த ஐந்து மாதத்தில்தான். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் நான் கிளம்பிவிடுவேன், திரும்பி வர மணிக்கணக்காகும். அக்கறைக்கு நன்றி.

@காவிரிக்கரை அண்ணா, அக்கா கேட்டாளே "நானே கற்பனை பண்றேனோ" என்று, அதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் எதுவும் செய்ய முடியவில்லை.

---

மூணுசக்கரம்:

நான் வீல்சேர். 19 வயதில் விபத்தில் முதுகுத்தண்டு போனது. அந்த விபத்துக்கு அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது டிபெர்சனலைசேஷன். உங்கள் அளவுக்கு நேரம் தொலையாது, ஆனால் உடம்பு என்னுடையதில்லை என்கிற அந்தக் கண்ணாடி இருக்கிறதே, எனக்கு அது பாதி நாள் இருக்கும். என் விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால் இடுப்புக்குக் கீழே எனக்கு நிஜமாகவே உணர்ச்சி இல்லை, எது நரம்பு, எது மனசு என்று எனக்கே குழப்பம், டாக்டர் குழம்பினால் என்ன தப்பு!

மேலே இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான், ஆனால் பொய் சொல்லி ஊசி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. குமட்டல் என்று சொன்னால் ஊசி எழுதுவார், கூடவே நீங்களே வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள் என்று மாதத்துக்கு நாலு ஊசியைச் சேர்த்துக் கொடுத்துவிடுவார். அப்புறம்? பிரச்சினை அட்டையிலிருந்து டப்பாவுக்கு மாறும், அவ்வளவுதான்.

நான் செய்தது இது. பெயரை முதலில் சொல்லவில்லை, அது மருந்தை என்ன செய்கிறது என்பதை முதலில் சொன்னேன். உங்களுக்கு என்றால் "சார், எனக்குச் சில மணி நேரம் நினைவே இல்லாமல் போகும், அந்த நேரத்தில் மாத்திரையை மறுபடி போட்டிருக்கிறேன், போன தடவை வெள்ளணு இறங்கியது அதனால்தான், மருந்து என் கையில் இருக்கக்கூடாது." இதைக் கேட்ட எந்த மூட்டு டாக்டரும் நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் இப்போது இது அவருடைய மருந்து, அவருடைய தலைவலி. காரணம் என்ன என்று அவரே கேட்பார், அப்போது பெயரைச் சொல்லுங்கள். வாயில் வராது என்றால் எழுதிக் கொடுங்கள், யார் பேசினாலும், யார் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், சீட்டு பையில் இருக்கும் இல்லையா.

கூடவே மனநல டாக்டரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். என்னுடையதில் கடைசி வரி இதுதான்: புதிதாக எந்த உடல் தொந்தரவு வந்தாலும் முதலில் உடம்பைப் பரிசோதிக்கவும். காவிரிக்கரை அண்ணா, அந்த வரியை லேமினேட் செய்து ஃபைலின் முதல் பக்கத்தில் நான் வைத்திருக்கிறேன், எந்தப் பெயரும் அதற்கு மேலே ஏற முடியாது. ஒரு முறை சிறுநீர்த் தொற்றில் காய்ச்சலோடு போனபோது அதுதான் காப்பாற்றியது. எங்களுக்கு வலி தெரியாது என்பது இரட்டை ஆபத்து. கரிசல்மண், நீங்கள் தடி இல்லாமல் உக்கடம் வரை நடந்தீர்கள் என்றால் அந்த நேரம் முழங்கால் வலி உங்களை எட்டவில்லை என்று அர்த்தம். திரும்பி வந்ததும் காலையும் கையையும் வெளிச்சத்தில் பாருங்கள், வீக்கம், காயம், சூடு. நான் தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன், பழகிவிட்டது.

நழுவும்போது பிடித்துக்கொள்ள ஐஸ்கட்டியைக் கையில் பிடி, பாதத்தைத் தரையில் அழுத்து என்பார்கள். முடக்குவாதக் கைக்கு ஐஸ்கட்டியா! எனக்குப் பாதத்தில் உணர்ச்சியே கிடையாது, அழுத்துவதற்கு. வாசனைக்கு, ருசிக்கு மாறுங்கள். நான் பையில் நார்த்தங்காய் ஊறுகாய்த் துண்டு வைத்திருக்கிறேன், புளிப்பும் கசப்பும் நாக்கில் பட்டால் பாதி தடவை திரும்பிவிடுவேன். ஒருத்தர் கற்பூரம் சொன்னார், எனக்கு அது கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போகிறது, சரிப்படவில்லை. உங்களுக்குக் கோடாங்கி நினைவு வேறு இருக்கும் (இல்லை என்றீர்கள், உடம்புக்கு இருக்கலாம்), விபூதி, சாம்பிராணி பக்கம் போகாதீர்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிவிட்டீர்களா? நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிற 21 வகையில் முடக்குவாதம் என்று பெயர் இருக்காது, மூட்டு எவ்வளவு அசைகிறது என்று அளந்து கை கால் இயக்கக் குறைபாட்டில் போடுவார்கள். மனநோயும் அந்த 21-இல் உண்டு. அதற்குச் சட்டம் கொடுக்கிற விளக்கத்தில் "நினைவு" என்ற சொல்லும் இருக்கிறது, நேரம் தொலைகிறவர்களுக்கு அந்த ஒரு சொல் முக்கியம். அதைக் கணக்கிட வேறு அளவுகோல், தன்னைப் பார்த்துக்கொள்வது, பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நாலையும் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதையும் வைத்து மதிப்பெண் போடுவார்கள். இரண்டும் சேர்ந்தால் நேராகக் கூட்டமாட்டார்கள். மூட்டுக்கு 45 சதவீதம், மனசுக்கு 40 வந்தால் 85 இல்லை, 65 தான் வரும், அதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. 40 இருந்தாலே பெரும்பாலான சலுகைக்குப் போதும். ஆபீசில் தெரியக்கூடாது என்றால் மூட்டுக்கு மட்டும் வாங்குங்கள், நானும் உடம்புக்கு மட்டும்தான் வாங்கினேன். கோழைத்தனம் என்று ஒரு தோழி திட்டினாள். இருக்கட்டும்.

அம்மா விஷயம் கேட்கவில்லை. ஆனால் 2017 மனநலச் சட்டத்தில், உங்களால் முடியாத நேரத்தில் உங்களுக்காக யார் பேச வேண்டும் என்று நீங்களே முன்கூட்டியே எழுதி வைக்கலாம், வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டால் போதும், சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி யாரும் இல்லை என்று தோன்றினால் 14416, டெலிமானஸ், அரசாங்கத்தது, தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

---

காவிரிக்கரை_குடும்பஸ்தன்:

லேமினேட் யோசனை நன்றாக இருக்கிறது. நாளைக்கே கடிதம் கேட்கிறேன். குமட்டல் என்று சொல்லச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

---

கரிசல்மண்:

நாலு வாரம் கழித்து எழுதுகிறேன்.

போனேன். மூணுசக்கரம் அக்கா சொன்ன மாதிரியே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன், வாசலில் டோக்கன் 41, உள்ளே போகும்போது நானா என்று பாதிதான் நிச்சயம். தாளை நீட்டினேன். டாக்டர் இரண்டு தடவை படித்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை, எனக்கு அந்தப் பேனா கீழே போகிறதா என்று மட்டும்தான் கண். போகவில்லை. "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்று கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னார். அப்புறம் மனநல டாக்டரின் கடிதத்தை வாங்கி அவருடைய ஃபைலில் வைத்துக்கொண்டார், ஊசி எழுதினார். முன்பு பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டைக் கூடுதலாகக் கொடுத்த மாதம் தூக்கம் எப்படி இருந்தது, நேரம் அதிகமாகத் தொலைந்ததா என்று கேட்டார். தொலைந்தது, ஆனால் நான் இரண்டையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை. ஸ்டீராய்டு சிலருக்கு மனசையும் தூக்கத்தையும் புரட்டிப் போடும், இனி கூட்டுவதாக இருந்தால் மனநல டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் என்றார். முழங்காலையும் தொட்டுப் பார்த்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இல்லை. வெளியே வந்தபோது அவருடைய உதவியாளர் பெண் என்னைப் பார்த்த பார்வை புதுசு. போன வியாழன் மூன்று மணி நேரம் தொலைந்தது. நார்த்தங்காய் எனக்கு வேலை செய்யவில்லை, சுக்குக் காப்பித் தூளை முகர்ந்தால் கொஞ்சம் பரவாயில்லை. அடையாள அட்டைக்கு மூட்டு மட்டும் என்று விண்ணப்பிக்கப்போகிறேன், நானும் கோழைதான் அக்கா.

ஊசி இப்போது ஞாயிறு இல்லை, செவ்வாய் சாயங்காலம், ஆபீஸ் விட்டு வரும் வழியில் ஒரு கிளினிக். அண்ணாச்சி சொன்ன மாதிரி நோட்டு வைத்திருக்கிறேன், நர்ஸ் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். நாலில் மூன்று செவ்வாய் எனக்கு நினைவிருக்கிறது. மூன்றாவது செவ்வாய் நினைவில்லை, நோட்டைத் திறந்து பார்த்தேன். நர்ஸின் கையெழுத்து இருக்கிறது, அதற்குக் கீழே பென்சிலில், குண்டு குண்டாக, என் கையெழுத்தில்லாத கையெழுத்தில், "ஊசி போட்டாச்சு. அழல. மிட்டாய் தரல."

இந்தச் செவ்வாய் பையில் கடலைமிட்டாய் வாங்கி வைத்திருக்கிறேன்.